இரண்டரைச் சாண் மணல்

ஆலடித்துறையில் மடையடி வீட்டுக்காரர் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பத்திரம் கேட்கும் வழக்கம் இல்லை. தாமிரபரணி அந்த ஊரைத் தொட்டு வளைகிற இடத்தில் மடை. மடைக்குப் பக்கத்தில் வீடு. வீட்டின் இப்போதைய தலைவர் நாறும்பூநாதன். வயது எழுபத்து நான்கு. தாலுகா அலுவலகத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்கப் போன நிலத்தில் ஒரு விரற்கடைகூட யாருக்காகவும் தள்ளிப் போடாதவர் என்று பெயர். அந்தப் பெயரைச் சலவை வேட்டி போலக் கசங்காமல் வைத்திருந்தார்.

அதனால்தான் கரைக்காவல் குழுவுக்கு அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். காவல் எதற்கு என்றால் மணலுக்கு. மணல் எதற்கு என்றால் ஆமைக்கு.

கோடை நாற்பத்தேழு டிகிரிக்கு ஏறிப் பழகிவிட்ட காலம் அது. ஆற்றங்கரையில் முட்டையிடும் காராமையிடம் ஒரு விசித்திரம் உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடு தீர்மானிக்கும். மண் இதமாக இருந்தால் ஆண், சுட்டால் பெண். கரை சுடச்சுட, பத்து வருடமாகப் பொரிந்ததெல்லாம் பெண்ணாகவே போயிற்று. கிழட்டு ஆண்கள் சில ஆற்றில் மிச்சம் இருந்தன. அவையும் போய்விட்டால் அந்த ஆற்றில் ஆமை என்கிற பேச்சே முடிந்தது.

ஆகவே ஆற்றுத் துறையார் ஒரு புது மணலைக் கொண்டுவந்து கரையில் ஒரு பர்லாங் நீளத்துக்குப் பரப்பினார்கள். தண்மணல் என்று பெயர் வைத்தார்கள். அரிசிக் குருணை போல வெளிறிய மணல், வெயிலில் லேசாக ஊதா மினுங்கும். இரவின் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு பகலெல்லாம் சிறுகச் சிறுகக் கொடுக்கும். இரண்டு சாண் கனத்துக்குப் பரப்பினால், மேலே நெருப்பாய்க் கொளுத்தும்போதும் அடியில் கிணற்றடி போல இருக்கும்.

ஆமைக்கு இதமானது மனிதனுக்கு மட்டும் கசக்குமா? மின்சாரம் நாளொன்றுக்கு நாலு மணி நேரம் வருகிற ஊர். ஒரு கூடை மணலைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் கொட்டினால் உறக்கம் வரும். ஒருவர் ஒரு கூடை எடுத்தார், இன்னொருவர் இரண்டு. கரையில் இரண்டு சாண் ஒன்றரையாகி, ஒன்றாகி, அடியில் மறுபடியும் சூடு ஏறியது. நாறும்பூநாதன் ஒரு சட்டம் வைத்தார். மணல் எடுத்தவர் பெயர் படித்துறைக் கரும்பலகையில் எழுதப்படும். ஒரு வருடம் அவருக்குக் குழுவில் பேச்சில்லை, கோயில் கொடைவிழாவில் மரியாதையில்லை. எழுதுகிறவர் அவரே. அவர் எழுத்து அச்சுப் போல இருக்கும்.

பங்குனியில் அப்படி எழுதப்பட்டவன் தளவாய். வாழைத்தார் சுமக்கிற சுமைக்காரன், முப்பது வயது. பிறந்து இருபது நாளான பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்து, அது ராப்பகலாகக் கத்துகிறது என்று தொட்டிலுக்கடியில் போட இரண்டு கூடை எடுத்தான். கையும் கூடையுமாகப் பிடிபட்டான்.

"கைப்பிள்ளை மாமா," என்றான்.

"அங்க கரையில கிடக்கதும் கைப்பிள்ளைதான். அதுக்குக் கத்தத் தெரியல, அவ்வளவுதான்," என்றார் நாறும்பூநாதன், சாக்கட்டியைக் கூராக்கிக்கொண்டே. "மடையடி வீட்டுல ஒரு பிடி மணல் இருக்கான்னு வந்து பாரு. இந்த வயசுல நான் வெறுந்தரையில கோரைப்பாயைப் போட்டுப் படுக்கேன். எனக்கு வெயில் அடிக்கலையா?"

தளவாய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வெறுந்தரைப் படுக்கை அவருடைய பெருமைகளில் ஒன்று. ஊரே புழுங்கிச் சாகும்போது, பின்கட்டு அறையில் பத்தமடைப் பாயில் படுத்துத் துளி வேர்க்காமல் எழுந்திருப்பார். கேட்டவர்களிடம், "எங்க வீட்டு உடம்பு வாகு அப்படி," என்பார். அரசாங்கம் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் கட்டிவைத்த குளிர்கூடத்தில் கோடை முழுவதும் ஊரார் ஒண்டிக்கிடந்தார்கள். அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

பதினைந்து நாள் கழிந்து ஒரு விடியற்காலை. கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தவர், தரையில் ஈரத்தடம் ஒன்றைக் கண்டார். வாய்க்காலிலிருந்து ஏறி, மாட்டுக்கொட்டில் ஓரமாக வந்து, பின்கட்டு அறைக்குள் போயிருந்தது. எட்டிப் பார்த்தார்.

அவருடைய பாயின் ஒரு மூலை சுருண்டு கிடந்தது. அந்த இடத்தில், இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல, ஒரு காராமை. தலையை உள்ளிழுத்துக்கொண்டு பின்னங்காலால் பைய மண் பறித்துக்கொண்டிருந்தது. காலில் பட்டுத் தெறித்தது மண்ணில்லை. அரிசிக் குருணை போல வெளிறிய மணல்.

நாறும்பூநாதனுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, ஒரு குழப்பம்தான் வந்தது. மனைவி வெயிலுகந்தாள் காபித் தம்ளரோடு வந்தவள், அவர் நின்ற நிலையைப் பார்த்துத் தானும் நின்றாள்.

"உகந்தா, இது என்ன?" என்றார் மூச்சுக் குரலில்.

"ஆமை," என்றாள் அவளும் அதே குரலில்.

"அது தெரியுது. அதுக்குக் கீழ?"

"மண்ணு."

"எந்த மண்ணு?"

"பைய பேசுங்க. முட்டை விடுத நேரத்துல சத்தம் கேட்டா பாதியில எந்திச்சுப் போயிரும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தது யாரு?"

உண்மைதான். பதினைந்து வருடமாக அவர் எடுத்த பாடம். அதனால் ஐம்பது வருடத் தாம்பத்தியத்தின் ஆகப் பெரிய சண்டையை இருவரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, காற்றுப் போலப் பேசி நடத்த வேண்டியதாயிற்று.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம்."

"நான் எங்க போயிருந்தேன்?"

"சென்னைக்கு. மணலைக் காப்பாத்துனதுக்குப் பாராட்டுப் பத்திரம் குடுக்காவன்னு மூணு நாள் போகலையா? அப்பதான்."

நாறும்பூநாதன் திரும்பிப் பார்த்தார். முன்னறையில் அந்தப் பத்திரம் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

"கரையான் அரிச்சுட்டு, தரை ஓடு மாத்துனேன்னியே."

"ஓட்டைப் பேத்தது உள்ளது. திரும்பப் பதிக்கல. பாயை விரிச்சுட்டேன்." அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "முப்பத்தெட்டு வருஷம் ஊரான் நிலத்தை அளந்த மனுஷன். தான் படுக்க தரை ஒரு விரக்கடை உசந்தது தெரியல. வேர்க்கலேன்னதும் வீட்டு உடம்பு வாகுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதிய. எனக்கு அடுக்களையில நின்னு சிரிக்கவும் முடியல."

"சிரிச்சியா?"

"ரெண்டு மூணு தடவை."

ஆமை முதல் முட்டையை விட்டது. கோழி முட்டையைவிடச் சிறிது, நீண்டது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். பிறகு அவர் தொடர்ந்தார்.

"எதுக்கு உகந்தா இப்படிச் செய்த?"

"படித்துறையில சுருண்டு விழுந்தது ஞாபகம் இருக்கா?"

"சும்மா கிறுகிறுப்பு."

"சும்மா கிறுகிறுப்பில்ல. இன்னொரு கோடை இந்தத் தரையில படுத்தா ஆளு தங்க மாட்டாவன்னு டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாவ. குளிர்கூடத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். மடையடி வீட்டுக்காரன் அங்க போய்க் கும்பலோட கும்பலா உக்காரணுமான்னு கேட்டிய. பேரு பெருசுன்னு உங்களுக்கு. எனக்கு ஆளு பெருசு."

நாலாவது முட்டை விழுந்தது. அவர் பாயின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பேசியபோது சர்வேயர்தான் பேசினார்.

"நாப்பது கூடையாவது இருக்கும். நீ ஒருத்தியாவா சுமந்த?"

"அது மட்டும் கேக்கப்படாது. யாருட்டயும் சொல்லுறதில்லேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இந்த வீட்டு வாக்கு."

நாறும்பூநாதன் முட்டைகளை எண்ணத் தொடங்கினார்.

ஆறு முட்டை. ஆமை மணலை மூடி, வயிற்றால் அழுத்திச் சமப்படுத்தி, வந்த வழியே போயிற்று. போகும்போது அவர் காலில் உரசிக்கொண்டே போனது. அது வாய்க்காலில் இறங்கியபின் வெயிலுகந்தாள் சாதாரணக் குரலில், ஆனால் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"ஒண்ணும் குடி முழுகிப் போகல. கதவைச் சாத்திப் போடுவோம். எழுபது நாளு. இந்த அறைக்கு யாரும் வாறதில்ல. குஞ்சு தானா பொரிச்சுத் தானா வாய்க்கால்ல இறங்கிரும். அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

நல்ல யோசனைதான். கீரி வராமல் வலை கட்டலாம். சூட்டைத் தானே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஒரு நாக்கும் அசையாது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லும் கிழங்களுக்கெல்லாம் அது மூடத்தனம் என்று மேடையில் விளக்கியவர், அன்றைக்கு அந்தச் சொல்லைத் தன் வீட்டுக்குள் நின்று நினைத்துப் பார்த்தார். ஆமை ஒன்றும் செய்யவில்லை. ஆமை வருவதற்கு மூன்று வருடம் முன்பே இந்த வீட்டுக்குள் வரக்கூடாதது வந்திருந்தது.

அவர் முகம் மழித்தார். குளித்தார். பீரோவைத் திறந்து சலவை வேட்டியை எடுத்தார்.

"எங்க?"

"படித்துறைக்கு."

"இதுக்கு எதுக்கு சலவை வேட்டி?"

"பலகையில பேரு ஏறப்போறவன் அழுக்கு வேட்டியோட போகப்படாது."

வெயிலுகந்தாள் கதவு மூலைக்குப் போனாள். குடையை எடுத்து நீட்டினாள்.

படித்துறையில் வழக்கம்போல ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். குழுச் செயலாளர் சுடலைக்கண்ணு இருந்தார். லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தளவாயும் இருந்தான்.

"காலையிலேயே சாக்கட்டியை எடுத்துட்டாவ," என்றார் சுடலைக்கண்ணு. "இன்னிக்கு எவன் அண்ணாச்சி மாட்டுனான்?"

நாறும்பூநாதன் எழுதினார். எழுத்து அன்றும் அச்சுப் போலவே இருந்தது. நாறும்பூநாதன், மடையடி வீடு. தண்மணல், நாற்பது கூடை. மூன்று வருடம்.

டீ குடித்தவர்கள் எழுந்து வந்து பலகையை ஒருதரம் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

"அண்ணாச்சி," என்றார் சுடலைக்கண்ணு கடைசியில், "வெயிலு தலைக்கு ஏறிட்டா?"

"ஏறலை. அதுக்குத்தான் மணலு."

"மதினி சோலியா இது? அப்படின்னா அவிய பேரைப் போடும். நீரு எதுக்கு..."

"வீட்டுத்தரை எம் பேருல இருக்கு," என்றார் நாறும்பூநாதன்.

அது பொய் இல்லை. தான் எடுத்ததாக அவர் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லை அவர் அப்படித்தான் அளந்து வைப்பார். தலைவர் என்று தன்னிடம் இருந்த குழு அறைச் சாவியைச் சுடலைக்கண்ணு கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் ஆமை முட்டையிட்டிருக்கிறது என்று ஆற்றுத் துறை ஆபீசருக்கு ஆளனுப்பச் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு, வந்த நடையிலேயே திரும்பி நடந்தார். தளவாய் தலையில் தாரோடு, இறக்கவும் மறந்து, அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆபீசர் ஜெபசீலி பாளையங்கோட்டைப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து மணிக்கு வந்து, முட்டைக்குழியைச் சுற்றி வலை வைத்து, சூடு பார்க்கும் ஊசி ஒன்றைச் செருகினாள்.

"எடுத்துக் கரையில வச்சிரலாமா?" என்று கேட்டார் சுடலைக்கண்ணு.

"முட்டையைத் தூக்கும்போது புரண்டா உள்ள கரு செத்துடும். இங்கேயேதான் இருக்கணும். கரையில இப்ப முப்பத்துமூணு டிகிரி. இங்க இருபத்தெட்டு." ஊசியை இன்னொரு தரம் பார்த்தாள். "நாலு வருஷமா நான் தேடிட்டிருந்த நம்பர் இது."

சுடலைக்கண்ணு வெளியே போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. மேலேர்ந்து வெப்பப் படம் எடுப்போம்ல? உச்சி வெயில்ல உங்க ஊர் முழுக்கச் சிவப்பாத் தெரியும். நாப்பத்தோரு வீடு மட்டும் நீலம். அதுல அடர் நீலம் இதுதான்."

நாறும்பூநாதனுக்கு அப்போதுதான் முதுகு வேர்த்தது. "எப்ப தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"பின்ன ஏம்மா வாயைத் திறக்கல? நான் ஒருத்தன் கரையில கம்பை வச்சிக்கிட்டு..."

"கரையில மணல் குறைஞ்சா அது எத்தனை ஆமைன்னு கணக்குப் போட எனக்குத் தெரியும். அந்த நாப்பத்தோரு வீட்டுல எத்தனை பேர் இந்த மணலால உசிரோட இருக்காங்கன்னும் எனக்குத் தெரியும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி ஒரு ரிப்போர்ட் அனுப்ப எனக்குத் தைரியம் வரலை. எழுதுனா யாராவது ஒருத்தர் வந்து ஒரு பக்கத்தை அடிச்சிடுவாங்க." அவள் எழுந்து கையைத் தட்டினாள். "ஆமைக்கு ரிப்போர்ட் தேவைப்படலை. குளுமை எங்க இருக்கோ அங்க வந்துடுச்சு."

கூட்டுக்கு ஒரு காவல் வேண்டும். அந்த வீட்டார் இருக்கக் கூடாது, அது விதி. எழுபது நாள், கத்திரி வெயிலும் சேர்த்து, பின்வாசலில் உட்கார வேண்டும். முற்றத்தில் கூடியிருந்தவர்கள் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள்.

"நான் இருக்கேன்," என்று கொட்டில் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. தளவாய்.

"உனக்குத்தான் ஒரு வருஷத்துக்கு ஒண்ணும் கிடையாதேல," என்றார் சுடலைக்கண்ணு.

"காவலுக்குப் பேரா வேணும் சித்தப்பா? கம்புதான வேணும்."

வெயிலுகந்தாள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதன்பின் வந்த எழுபது நாளும் மடையடி வீட்டில் ஒரு நூறு வருடத்துக்குச் சமம். நாறும்பூநாதன் முன்னறையில், உள்ளபடியே வெறுந்தரையான தரையில், பாயை விரித்தார். முதல் ராத்திரியே உடம்பு வாகு தெரிந்துபோயிற்று. மூன்றாம் நாள் வெயிலுகந்தாள் விசிறியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பேருதான் பலகையில ஏறியாச்சே, இனி எதுக்கு இந்த வீம்பு?" ஐந்தாம் நாள் உச்சி வேளையில் குடையை எடுத்துக்கொண்டு குளிர்கூடத்துக்குப் போனார். வாசலில் கொஞ்சம் நின்றார். உள்ளே இருந்தவர்களில் ஏழு பேர் பெயரை அவர் கையாலேயே எழுதியிருந்தார். ஓரத்தில் கிடந்த ஒரு பெரியவர் தன் பாயைச் சுருட்டி இடம் விட்டார்.

"வாரும் சர்வேயரே. எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்தபின் அவருக்கும் மெல்லச் சிரிப்பு வந்தது.

பலகையில் அவர் பெயருக்குக் கீழே, யாரும் பிடிக்காமல், தாமாக வந்து பதினோரு பேர் எழுதிவிட்டுப் போனார்கள். கூடைகள் கொஞ்சம் கரைக்குத் திரும்பின. மீதி இருபத்தொன்பது வீட்டார் மூச்சுக் காட்டவில்லை. அந்த வீடுகளில் எல்லாம் படுத்த படுக்கையாக யாராவது இருந்தார்கள். ஜெபசீலி அந்த வாசல்களைத் தாண்டிப் போகும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போனாள். அவரும் கேட்கவில்லை. முன்பு என்றால் கேட்டிருப்பார்.

தளவாய் காலையில் சுமை வேலை முடித்து எட்டு மணிக்கு வருவான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கம்பால் கீரியை விரட்டி, மணிக்கொருதரம் ஊசியைப் பார்த்துத் தாளில் குறிப்பான். அந்தி சாய்ந்தால் அவன் தம்பி மாற்றுவான். அவருக்கும் அவனுக்கும் பேச்சு அதிகமில்லை. "எத்தனை?" என்பார். "இருபத்தெட்டரை மாமா," என்பான். தீர்ந்தது.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் அவன் பெண்சாதி சோறு கொண்டுவந்தாள், கையில் பிள்ளை. கத்திரியின் உச்சம். பிள்ளைக்கு அழக்கூடச் சத்தில்லை. வெயிலுகந்தாள் வந்தாள், பிள்ளையை வாங்கினாள், யாரையும் கேட்காமல் பின்கட்டு அறைக்குள் கொண்டுபோய், வலைக்குத் தள்ளி, மணல்மேல் பாயை விரித்துப் போட்டாள். பிள்ளை காலை ஒருதரம் உதைத்துவிட்டு உறங்கியது. ஒரு பக்கம் ஆறு முட்டை, ஒரு பக்கம் அது.

காவல்காரனைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது என்பது விதி. வாசலில் நின்று நாறும்பூநாதன் பார்ப்பதைத் தளவாய் பார்த்தான். எழுந்து நின்றான்.

"காவல்காரன் பிள்ளையைப் பத்தி விதியில ஒண்ணும் எழுதல," என்றார் அவர் ஆகாயத்தைப் பார்த்து. "எழுதாததை நான் எப்படிப் படிக்க?"

ஆனி பிறந்து முதல் சாரல் காற்று அடித்த காலையில் மணல் அசைந்தது. ஜெபசீலி வந்து குந்தினாள். மிளகளவு கறுப்பு மூக்கு ஒன்று முதலில் வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் ஆறு குஞ்சும் வந்து, எந்தப் பக்கம் ஆறு என்று யோசிப்பவை போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அவள் முட்டைத் தோடுகளில் ஒட்டியிருந்த நீரை ஒவ்வொரு சொட்டாக ஒரு சிறு கருவியில் விட்டுப் பார்த்தாள். ஆறாவதைப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அஞ்சு ஆண்," என்றாள். "ஒண்ணுதான் பெண்."

வெயிலுகந்தாள் குலவை போட வாயைக் குவித்து, குஞ்சு மிரளும் என்று அடக்கிக்கொண்டாள்.

"இதைப் பதிவு பண்ணியே ஆகணும்," என்று ஜெபசீலி தாளை எடுத்தாள். "வீட்டுக்குள்ள ஆழமா மணல் போட்டா வேலை செய்யுதுன்னு காட்டினா, கரைக்கும் வீட்டுக்கும் சேர்த்தே மணல் கேக்கலாம். ஒரு பக்கத்தை அடிக்க வேண்டியதில்லை. மணல் ஆழம் எவ்வளவு? அளக்கக் குச்சி ஒண்ணு இருக்கா?"

"ரெண்டரைச் சாண்," என்றான் தளவாய். குஞ்சுகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான். "சுவரோரம் மூணு."

அவள் எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது வெறும் அளவு.

நாறும்பூநாதனுக்கு அப்படி இல்லை. எழுபது நாளாக அந்த மணலை ஒருவரும் தோண்டிப் பார்த்ததில்லை. ஊசி ஒரு சாணுக்கு மேல் இறங்காது. சுவரோரம் மூன்று சாண் என்பது, ஓட்டைப் பெயர்த்து, பள்ளம் தோண்டி, கூடை கூடையாகக் கொட்டிப் பரப்பியவனுக்கு மட்டும் தெரிகிற அளவு. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது கூடை சுமக்க இந்த ஊரில் யார் தலை உண்டு என்று எழுபது நாளில் ஒரு சர்வேயருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மடையடி வீட்டில் ஒரு பிடி மணல் இருக்கான்னு வந்து பாரு என்று அவனிடமே சொல்லியிருந்தார். ஊரார் முன்னால். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு கூடைக்கு ஒரு வருடம் தலையைக் குனிந்துகொண்டவன், நாற்பது கூடையை விழுங்கிக்கொண்டு போயிருந்தான். இந்த வீட்டு மானத்தை இத்தனை நாள் காத்தது அவரில்லை.

"கடைசியா ஒரு கட்டம்," என்றாள் ஜெபசீலி. "மணலைக் கொண்டுவந்து போட்டவர் பேர். இதை ஆபீஸ்ல கேப்பாங்க. ஒரு பேர் வேணும்."

இப்போதுதான் தளவாய்க்குத் தான் சொன்னது உறைத்தது. தலையை நிமிர்த்தினான். முகம் வெளிறிவிட்டது. ஏற்கெனவே பலகையில் இருப்பவன் மறுபடி மாட்டினால் ஊர் விவகாரத்தோடு நிற்காது, வழக்கு ஆகும். வெயிலுகந்தாள் கணவரைப் பார்த்தாள். ஐம்பது வருடமாகப் பார்க்கிற முகம். கேட்டால் உள்ளதைச் சொல்கிற முகம்.

நாறும்பூநாதன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நான்," என்றார்.

"நீங்களா ஐயா?"

"நான்தாம்மா. நாப்பது கூடை. என் தலையில வச்சுத்தான் கொண்டாந்தேன்."

ஒரு குடம் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்து, வழியில் ஒருதரம் இறக்கி வைத்துக் கொண்டுபோகிற மனிதரை ஜெபசீலி உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். "நாப்பதுமா?"

"மடையடி வீட்டுக்காரன் சொல்லுதேன். எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள்.

முதல் குஞ்சு வாசல்படியில் ஏறி, தடுமாறி, அந்தப் பக்கம் குப்புற விழுந்து, வாய்க்காலை நோக்கி நடந்தது. மற்றவை அதன் பின்னால் போயின. நாலு பேரும் காலை வைக்க இடம் பார்த்துப் பார்த்து அவற்றோடு போனார்கள். கொட்டிலைத் தாண்டும்போது தளவாய் அவர் பக்கத்தில் வந்தான்.

"மாமா," என்றான் மெதுவாக, "நாப்பது கூடை சுமந்த கழுத்து மாதிரித் தெரியலையே."

"பேசாம ஆமையைப் பாருல," என்றார் நாறும்பூநாதன்.